மேசை மீது ஒரு மலை
மாதிரி இரயில் பாதைக்கு நிலக்காட்சி அமைக்கும் கலை



பள்ளிக் கண்காட்சி நெருங்கும்போது, "இவ்வாண்டு என்ன செய்து வைக்கலாம்?" என்ற கேள்வியும் உடன் வந்துவிடும். எரிமலை, காற்றாலை, மழைநீர்த் தொட்டி என்று வழக்கமான பதில்களும் வரும். அந்த வரிசையில் மாதிரி இரயிலையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது இக்கட்டுரையின் வேண்டுகோள்.

வெறும் மேசையின் மேல் ஒரு பொம்மை இரயிலை வட்டமாக ஓடவிட்டுப் பாருங்கள். காண்போர் ஒரு நிமிடம் நிற்பர். இரண்டு சுற்று ஓடி முடிந்ததும் அடுத்த மேசைக்குப் போய்விடுவர். அதே இரயில் ஒரு குகைக்குள் நுழைந்து மறைந்து, பாக்குத் தோப்பின் இடையே வெளிவந்து, ஓடைப் பாலத்தின் மேல் ஊர்ந்து சென்றால், குழந்தைகள் மட்டுமன்றிப் பெரியோரும் குனிந்து நின்று பார்ப்பர். இரயில் அதேதான். மாறியது அதைச் சுற்றியுள்ள நிலம். அந்த நிலத்தை மெய்யானது போலவே அமைப்பது எப்படி என்பதை இங்கே காண்போம்.

இக்கலை நமக்கு முற்றிலும் புதியதன்று. டிசம்பர் மாதத்தில் வீட்டிலும் பள்ளியிலும் கிறிஸ்து பிறப்புக் குடில் அமைக்கிறோம். கசக்கிய தாளால் மலை, மரத்தூளால் தரை, கண்ணாடித் துண்டால் குளம், முளைவிட்ட கேழ்வரகால் புல்வெளி என்று எத்தனை செய்கிறோம்! 1223ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் கிரேச்சோ என்னும் ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் மாட்டையும் கழுதையையும் நிறுத்தி அமைத்த குடிலே இவ்வழக்கம் பரவக் காரணமாயிற்று. குடில் செய்யத் தெரிந்த கைகளுக்கு மாதிரி நிலம் செய்வது எளிது. கூடுதலாக வேண்டுவன இரண்டு: அளவு பிசகாமை, உற்றுநோக்கும் கண்.

பொம்மையிலிருந்து மாதிரிக்கு

1891ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் மார்க்லின் நிறுவனத்தார், தண்டவாளத் துண்டுகளை வேண்டியபடி இணைத்து நீட்டக்கூடிய பொம்மை இரயிலை வைத்தனர். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து பிராங்க் ஹார்ன்பி 1920இல் சாவி கொடுத்தால் ஓடும் இரயில்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அக்காலத்தில் இவை கூடத்துக் கம்பளத்தின் மேல் ஓடின. நிலம் என்று ஒன்று அவற்றுக்கு இல்லை.

இரயிலைப் போலவே நிலத்துக்கும் மதிப்பளித்தவர்களுள் ஜான் ஆஹெர்ன் என்னும் ஆங்கிலேயர் முதன்மையானவர். அவர் அமைத்த 'மேடர் வேலி இரயில்வே' என்ற கற்பனைப் பாதையில் ஊர், ஆறு, ஆலை, துறைமுகம் எல்லாம் இருந்தன. இரயில் அந்த ஊருக்காக ஓடிற்று. ஊர் இரயிலுக்காக நிற்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் பிறந்து 1925இல் இங்கிலாந்துக்கு வந்த ராய் இங்லண்ட் என்பவரின் கதை நம் மனத்தைத் தொடுவது. அங்கே கூரை வேய்ந்த பழைய கிராமத்து வீடுகளின் அழகில் அவர் மயங்கினார். ஆனால் அவை ஒவ்வொன்றாய் உருமாறிக்கொண்டிருந்தன. பழைய கூரை போயிற்று. புதிய தகடு வந்தது. 'இவற்றை என்னால் தடுத்து நிறுத்த இயலாது. ஆனால் அளந்து, அப்படியே சிறிதாகச் செய்து வைக்க இயலும்' என்னும் எண்ணத்தில் அவர் தொடங்கிய பணியே பெண்டன் அருங்காட்சியகமாக வளர்ந்தது. லாங் விட்டன்ஹாம் என்ற சிற்றூரில் 1954இல் தோன்றிய அந்நிறுவனத்தில், 1920களிலும் 1930களிலும் இருந்த கிராமங்களை இன்றும் காணலாம். அட்டையை வெட்டி, கல்லுக்குக் கல் வண்ணம் தீட்டிச் செய்த வீடுகள் அவை. ஆஹெர்னின் மேடர் வேலியும் இப்போது அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மான்டரே நகரில் ஜான் ஆலன் என்ற புகைப்படக் கலைஞர், தரையிலிருந்து கூரை வரை உயர்ந்த மலைகளோடு ஒரு மாதிரிப் பாதை அமைத்தார். கண்ணாடிகளை மறைவாக வைத்துச் சிறிய இடத்தைப் பெரிதாகக் காட்டுவதில் அவர் வல்லவர். 1973இல் அவர் மறைந்த சில நாள்களிலேயே அந்தப் படைப்பும் தீக்கு இரையாயிற்று. ஆயினும் அவர் எடுத்த புகைப்படங்கள் பலருக்குப் பாடநூலாயின. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001இல் திறக்கப்பட்ட 'மினியேச்சர் வுண்டர்லாண்ட்' இன்று உலகப் புகழ் பெற்றது. அங்கே பகலும் இரவும் மாறி மாறி வரும்படி விளக்குகளை அமைத்துள்ளனர்.

அளவே அடிப்படை

உலகில் மிகுதியாகப் பழகும் மாதிரி அளவு 'எச்.ஓ.' எனப்படுவது. அதில் எல்லாம் 87இல் ஒரு பங்கு. தண்டவாளத்துக்கு மட்டுமன்றி மரத்துக்கும் மனிதருக்கும் கதவுக்கும் கல்லுக்கும் இதே விதி. இதை மறந்தால் எவ்வளவு அழகாகச் செய்தாலும் பொம்மையாகவே தோன்றும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 160 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண், மாதிரியில் 18 மி.மீ. இருப்பாள். 210 செ.மீ. கதவு 24 மி.மீ. ஆகும். 15 மீட்டர் பாக்கு மரம் 17 செ.மீ. உயரம் வரும். அதன் அடிமரம் 15 செ.மீ. பருமன் என்றால் மாதிரியில் 2 மி.மீ.க்கும் குறைவு, அதாவது ஒரு துடைப்ப ஈர்க்கின் பருமன். தண்டவாளத்தின் அடியில் கொட்டும் 5 செ.மீ. ஜல்லி, அரை மில்லி மீட்டரைச் சற்றே தாண்டும். அது நம் சமையலறை ரவையின் அளவு. (ரவையையே கொட்டிவிடாதீர்கள், எறும்புகள் நம் மலையைத் தூக்கிக்கொண்டு போய்விடும்!)

ஒவ்வொரு பொருளையும் வைப்பதற்கு முன் 18 மி.மீ. உயரத்தில் வெட்டிய ஓர் அட்டை மனிதரை அதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். 'இவர் இந்தக் கதவில் நுழைவாரா? இந்தப் படியில் ஏறுவாரா?' என்று கேட்டாலே பாதிப் பிழைகள் தெரிந்துவிடும்.

எந்த இடத்தைச் செய்வது?

கற்பனை ஊரைவிடக் கண்ணால் கண்ட ஊரே தொடக்கத்துக்கு ஏற்றது. நமக்கு அருமையான எடுத்துக்காட்டு நீலகிரி மலை இரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகமண்டலம் வரை 1908இலும் இப்பாதை திறக்கப்பட்டது. நீளம் 46 கிலோ மீட்டர். 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள் இதில் உண்டு என்பர். 2005இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது.

கல்லாறு முதல் குன்னூர் வரை பாதை 12க்கு 1 என்ற கணக்கில் ஏறுகிறது. 12 அடி முன்னே சென்றால் ஓரடி உயரம். அந்த ஏற்றத்தில் சாதாரணச் சக்கரம் வழுக்கும். ஆகவே இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறும்படி செய்துள்ளனர். எஞ்சின் முன்னின்று இழுப்பதில்லை. கீழ்ப்புறமிருந்து பெட்டிகளைத் தள்ளிச் செல்கிறது. மாதிரியில் எஞ்சினை மேற்புறம் நிறுத்திவிட்டால், தெரிந்தவர் ஒருவர் கண்டுபிடித்துச் சிரிப்பார்.

சரி, இந்தப் பாதை முழுவதையும் 87இல் ஒரு பங்காகச் செய்துவிடலாமா? 46 கிலோ மீட்டர் 529 மீட்டராகும்; நம் விளையாட்டுத் திடலும் போதாது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்திலும் உதகை சுமார் 2,200 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடைப்பட்ட உயரத்தை 87ஆல் வகுத்தால் 21 மீட்டருக்கு மேல். ஏழு மாடிக் கட்டடம்! ஆகவே தேர்ந்தெடுத்துச் சுருக்க வேண்டும். ஒரு குகை, ஒரு பாலம், ஒரு வளைவு, ஒரு சிறு நிலையம் போதும். பொருள்களின் அளவைக் குறைக்காமல் அவற்றின் எண்ணிக்கையையும் இடையே உள்ள தொலைவையும் குறைப்பதே இதன் இரகசியம்.

மலை இரயிலின் பாதை ஒரு மீட்டர் அகலமுள்ளது. மாதிரியில் அது 12 மி.மீ. தண்டவாளமாகும். இது நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது அரிது. ஓடாத மாதிரியாக இருந்தால் மூங்கில் சீவலால் நாமே செய்துகொள்ளலாம். ஓட வேண்டுமானால் கிடைக்கும் பொம்மை இரயிலின் அளவுக்கே மற்றவற்றை அமைத்துக்கொள்ளுங்கள்.

நிலம் முதலில், பாதை பின்பு

புதியவர்கள் தட்டையான பலகையில் முதலில் தண்டவாளம் ஒட்டி, மீதி இடத்தில் குன்று ஒன்றைக் கவிழ்த்து வைப்பர். அது இட்லியைக் கவிழ்த்தது போலிருக்கும். இயற்கையில் மலை முந்தியது, இரயில் பிந்தியது. பொறியாளர்கள் மலையைப் பார்த்து, எங்கே வெட்டுவது, எங்கே மண் கொட்டி மேடாக்குவது, எங்கே குடைவது, எங்கே பாலம் போடுவது என்று முடிவு செய்தனர். நம் மாதிரியிலும் பாதையின் ஒருபுறம் நிலம் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் இருந்தால்தான் 'மலையை வெட்டிப் போட்ட பாதை' என்று கண் நம்பும்.

120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள பிளைவுட் பலகை ஒன்று போதும். பலகையின் மேல் சிறு மரக்கட்டைகளை நிறுத்தி, அவற்றின் மேல் பாதைக்கு மட்டும் ஒரு பலகைத் துண்டை வைத்து உயர்த்துங்கள். 12க்கு 1 ஏற்றம் என்றால் 120 செ.மீ.க்கு 10 செ.மீ. உயரும். பாதைக்குக் கீழே வெற்றிடம் இருப்பதால் ஓடையும் பள்ளத்தாக்கும் அமைக்க வசதி. குகைக்குள் இரயில் நின்றுவிட்டால் கைவிட்டு எடுக்கப் பின்புறம் திறப்பு ஒன்று விட மறவாதீர்கள்.

மலையின் எலும்பும் தோலும்

மலைக்கு எலும்பு அட்டைப் பட்டைகள். பழைய அட்டைப் பெட்டிகளை இரண்டு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, பாய் முடைவது போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, மேலிருந்து பாதை வரையிலும், பாதையிலிருந்து ஓடை வரையிலும் சரிவாக ஒட்ட வேண்டும். தெர்மோகோல் துண்டுகளை அடுக்கிச் செதுக்குவதும் உண்டு. சூடான கம்பியால் அதனை வெட்டும்போது வரும் புகை கெடுதி. சன்னல்களைத் திறந்து, ஆசிரியை முன்னிலையில் மட்டும் செய்யுங்கள்.

எலும்பின் மேல் தோல் போர்த்த வேண்டும். செய்தித்தாளை உள்ளங்கை அகலத் துண்டுகளாகக் கிழித்து, மைதாப் பசையில் நனைத்து, நான்கைந்து அடுக்கு ஒட்டுங்கள். ஓர் அடுக்கு காய்ந்தபின் அடுத்தது. அவசரப்பட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். மைதாவைக் கரப்பானும் விரும்பும். பழைய புத்தகக் கட்டுநர்கள் இதற்காகவே பசையில் மயில்துத்தம் கலப்பர். அது நஞ்சு, ஆகையால் பெரியவர் கையால் மட்டும் கலக்க வேண்டும். வேண்டாமென்றால் மைதாவுக்குப் பதில் நீர் கலந்த பெவிகால் போதும்.

தோல் உறுதியாக வேண்டுமானால் கட்டுத் துணியை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலில் தோய்த்துப் போர்த்தலாம். நீரில் மாவைத் தூவிக் கரைக்க வேண்டும். மாவில் நீரை ஊற்றினால் கட்டி தட்டும். சுமார் கால் மணி நேரத்தில் அது இறுகிவிடும், அப்போது சூடாகும். வேதியியல் வகுப்பில் படித்த பாடமே இது: காய்ச்சி நீரைப் போக்கிய ஜிப்சம், அந்த நீரைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. கையைக் கரைசலிலேயே வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. மிச்சத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைபட்டுப் பள்ளிக்கே தொல்லை. அது வாளியிலேயே இறுகட்டும். உடைத்துக் குப்பையில் போடலாம்.

பாறை

கல்லை எடுத்து அப்படியே வைத்தால் பாறையாகத் தெரியாது, பாரமும் கூடும். அலுமினியத் தாளைக் கசக்கி, பாதி விரித்து, அதன் பள்ளங்களில் பிளாஸ்டரை ஊற்றுங்கள். இறுகியபின் தாளை உரித்தால் வெடிப்பும் விளிம்புமாகப் பாறை முகம் கிடைக்கும். அடுப்புக்கரித் துண்டுகளும் காய்ந்த மரப்பட்டையும் கூட நன்கு உதவும்.

வண்ணம் தீட்டுவதில் மூன்று படிகள் உண்டு. முதலில் சாம்பல் நிறத்தை எங்கும் பூசுங்கள். அடுத்து, கறுப்பு வண்ணத்தை நிறைய நீரில் கரைத்து மேலிருந்து வழியவிடுங்கள். அது வெடிப்புகளில் தங்கி நிழலாகும். கடைசியாக, தூரிகையில் வெளிர் நிறத்தைத் தொட்டுப் பழந்துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் இலேசாக உரசுங்கள். வெயில் பட்ட இடம் போல அவை ஒளிரும். சிற்பக் கூடங்களில் நிற்கும் நிழலும் ஒளியும் நம் மேசைக்கே வந்துவிடும்.

மண்ணும் ஜல்லியும் புல்லும்

மண்ணுக்கு மண்ணே சிறந்தது. வெயிலில் உலர்த்தி, பழைய சட்டியில் வறுத்துப் பூச்சிகளைப் போக்கி, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். பின்பு ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி மண்ணின் மேல் நகர்த்துங்கள். கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். இரும்பு கலந்த இத்துகள்களை அகற்றாவிட்டால், ஓடும் எஞ்சினின் மோட்டாரிலுள்ள காந்தம் இவற்றை இழுத்துக்கொண்டு பழுதாகும்.

மண் ஒட்டுவதிலும் ஓர் அறிவியல் இருக்கிறது. தூவிய மண்ணின் மேல் பசை நீரைச் சொட்டினால் அது முத்து முத்தாய்த் திரண்டு, மண்ணைக் கலைத்துவிடும். காரணம் நீரின் பரப்பு இழுவிசை. முதலில் தண்ணீரில் ஒரு துளி சோப்பு நீர் கலந்து பனி போலத் தெளியுங்கள். சோப்பு அந்த இழுவிசையைக் குறைப்பதால் அடுத்துச் சொட்டும் பசை ஓசையின்றி உள்ளிறங்கும். ஒரு பங்கு பெவிகாலுக்கு மூன்று பங்கு நீர். சொட்டுவதற்கு மை நிரப்பும் குழாய். ஒரு நாள் காய்ந்தால் கல் போல் நிற்கும். தண்டவாளத்து ஜல்லியையும் இவ்வாறே, சலித்த மணலால், அமைக்கலாம்.

புல்லுக்கு மரத்தூள். சலித்து, போஸ்டர் கலர் நீரில் ஊறவைத்து, செய்தித்தாளில் பரப்பி உலர்த்த வேண்டும். ஒரே பச்சை மட்டும் கூடாது. கரும்பச்சை, மஞ்சட்பச்சை, காய்ந்த புல்லின் நிறம் என மூன்று நான்கு வகை செய்து கலந்து தூவுங்கள். சன்னலுக்கு வெளியே தெரியும் புல்தரையைப் பத்து நிமிடம் பாருங்கள். அதில் எத்தனை நிறங்கள் என்று எண்ணத் தொடங்கினால் விரல்கள் போதா. உயர்ந்த புல்லுக்குச் சணல் கயிற்றைப் பொடியாக நறுக்கி நிறமேற்றலாம். மேலைநாடுகளில் இழைகளுக்கு மின்னூட்டம் கொடுத்து நட்டு வைத்தாற்போல் நிமிர்ந்து நிற்கச் செய்கின்றனர். தலை வாரிய சீப்பு தாள் துணுக்குகளை எழுப்பி நிறுத்துகிறதே, அதே தத்துவம்தான்.

மரங்கள் சொல்லும் உயரம்

மலை இரயிலின் சிறப்பே உயரத்தோடு மாறும் தாவரம். கல்லாற்றுப் பக்கம் பாக்குத் தோப்புகள். மேலே அடர்ந்த காடு. குன்னூரை நெருங்கும்போது தேயிலைத் தோட்டங்கள். அதற்கும் மேலே சோலைக் காடும் புல்வெளியும் தைல மரங்களும். பாக்கு மரத்தையும் தேயிலைச் செடியையும் அருகருகே வைத்துவிட்டால், பத்துக் கிலோ மீட்டரை ஒரே சாணில் தாண்டியது போலாகும். ஆகவே மாதிரியின் கீழ்க் கோடியில் பாக்கு, மேல் கோடியில் தேயிலை, இடையே காடு.

பாக்கு மரம் செய்ய ஈர்க்குக் குச்சியைச் சாம்பற்பச்சையாக்கி, உச்சியில் பச்சைத் தாளைச் சீப்புப் போல் கத்தரித்து ஏழெட்டு மட்டைகளை ஒட்டுங்கள். காட்டு மரத்துக்குக் காய்ந்த துளசித் தண்டு மிகப் பொருத்தம். அதன் கிளைப்பு இயற்கையாகவே மரம் போலிருக்கும். பழைய மின்கம்பியின் செம்பு இழைகளை முறுக்கி, கீழே வேராகவும் மேலே கிளைகளாகவும் பிரித்தும் செய்யலாம். இலைக்குப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பொடியாக்கிப் பச்சை நிறமேற்றி ஒட்டலாம். கிளைகளின் இடையே வானம் தெரிய வேண்டும். பந்து போல் அப்பிவிட்டால் மரம் காலிஃபிளவர் ஆகிவிடும்.

தேயிலைச் செடி ஒரு மீட்டருக்கும் குறைவாகக் கவாத்து செய்யப்படுவது. மாதிரியில் ஒரு செ.மீ. உயரம். ஸ்பாஞ்சுப் பட்டைகளின் தலையைத் தட்டையாக வெட்டி, மலைச் சரிவின் வளைவைத் தழுவி வரிசை வரிசையாக ஒட்டுங்கள். இடையிடையே நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் சில. கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் நடந்து செல்ல ஒற்றையடிப் பாதையும் விடுங்கள். அப்பாதை இல்லையேல் அது யாரும் உழைக்காத தோட்டமாகிவிடும்.

நீர்

குடிலில் வைக்கும் கண்ணாடிக் குளம் அமைதியான நீருக்குப் பொருந்தும். மலை ஓடைக்கு வேறு வழி. படுகையை நடுவில் கரும்பச்சையாகவும் ஓரத்தில் மண்ணிறமாகவும் தீட்டுங்கள், ஆழம் தெரியும். கூழாங்கற்களாகப் பொறுக்கிய மணலை ஒட்டுங்கள். அதன்மேல் நிறமற்ற வார்னிஷை மெல்லியதாக ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் காயவிட்டுப் பூசுங்கள். ஒரேயடியாய் ஊற்றினால் வெடிக்கும். அருவிக்குப் பஞ்சை மெல்லிய இழையாக இழுத்துப் பெவிகாலில் நனைத்துத் தொங்கவிடலாம். நீர் எப்போதும் தாழ்ந்த இடத்தையே நாடும் என்பதை நினைவில் வையுங்கள். மேட்டில் ஏறும் ஓடை எந்த ஊரிலும் இல்லை.

தொலைவைக் காட்டுதல்

அறுபது செ.மீ. பலகையில் அறுபது கிலோ மீட்டரைக் காட்ட முடியுமா? பின்புறம் ஓர் அட்டையை நிறுத்தி வானமும் தொலை மலைகளும் தீட்டினால் முடியும். அருகிலுள்ள மலை பச்சை. அதற்கு அப்பால் நீலப்பச்சை. கடைசி மலை வெளிர்நீலம். இடையே உள்ள காற்று நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதே காரணம். லியனார்டோ டாவின்சி தம் குறிப்புகளில் இதனை எடுத்துரைத்து, தம் ஓவியங்களிலும் காட்டினார். நம் மலைக்கு 'நீலகிரி' என்ற பெயர் இருப்பதை எண்ணிப் பாருங்கள்!

அட்டையின் மூலைகளை மடிக்காமல் வளையுங்கள். வானத்துக்கு மூலை கிடையாது. பெரிய மரங்களை முன்னும் சிறிய மரங்களைப் பின்னும் வைத்தால் இடம் நீளும். நிறங்கள் அடக்கமாகவே இருக்கட்டும். குப்பியிலிருந்து எடுத்த சிவப்பையும் பச்சையையும் அப்படியே பூசினால் திருவிழாக் கடை போலாகும். எல்லா நிறத்திலும் சிறிது சாம்பல் நிறம் கலந்தால் வெயிலும் மழையும் பட்ட தோற்றம் வரும்.

புகையும் துருவும் மனிதரும்

நீராவி எஞ்சின் நுழையும் குகை வாயிலின் மேற்புறம் கரி படிந்திருக்கும். பாலத்து இரும்பில் துரு வழியும். நிலையச் சுவரின் அடியில் மழைத் தெறிப்பின் செம்மண் கறை இருக்கும். கரித்தூளையும் செங்கல் பொடியையும் தூரிகையால் இலேசாகத் தடவினாலே இவையெல்லாம் வந்துவிடும். மழைக்காலத்தில் இப்பாதையில் மண் சரிந்து இரயில் நிற்பது அடிக்கடி நிகழ்வது. ஆகவே ஓரிடத்தில் மண் சரிவும், அதை மண்வெட்டியால் அகற்றும் தொழிலாளர் நால்வரும் இருந்தால் மாதிரி உண்மை பேசும். ஹில்குரோவ் நிலையத்தில் குரங்குகள் இல்லாவிட்டால் பார்த்தவர்கள் ஒப்பமாட்டார்கள். கல்லாற்றுப் பக்கம் யானைகள் வலசை போகும் வழியிலும் பாதை குறுக்கிடுகிறது; அங்கே தோப்பும் வீடும் நெருக்கி வைக்காமல் யானைக்கு வழி விடுங்கள். மேசை மீது அந்த வழியை விடப் பழகிய மாணவி, நாளை மெய்யான காட்டிலும் அதை மறக்கமாட்டாள்.

அழகுக்கென்று எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். கண் ஓய்வெடுக்க வெற்றிடமும் வேண்டும்.

எதற்காக இவ்வளவு பாடு?

'ஒரு பொம்மைக்கு இத்தனை உழைப்பா?' என்று வீட்டில் கேட்கக்கூடும். இதில் கணக்கு உண்டு, இயற்பியல் உண்டு, வேதியியல், தாவரவியல், புவியியல், ஓவியம் எல்லாம் உண்டு. ஒருத்தி மரம் செய்ய, ஒருத்தி பாறை செய்ய, ஒருத்தி கணக்குப் பார்க்க, பத்துப் பேர் ஒன்றுகூடினால்தான் முடியும் வேலை இது. செலவோ சிறிது, பெரும்பாலும் எறியும் பொருள்களே.

இவற்றினும் மேலான பயன் ஒன்று உண்டு. தமிழகமெங்கும் ஒரு காலத்தில் மீட்டர் கேஜ் இரயில்கள் ஓடின. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் தொடங்கிய மீட்டர் கேஜ் மின்சார இரயில் 2004இல் நின்றது. 1992க்குப் பின் பாதைகள் ஒவ்வொன்றாய் அகலப் பாதைகளாயின. அது நாட்டுக்குத் தேவையான மாற்றமே. ஆனால் பழைய நிலையங்களின் ஓட்டுக் கூரை, கல் இருக்கை, வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி, கைகாட்டி மரம் ஆகியவை பல ஊர்களில் சொல்லாமலே மறைந்தன. அவற்றை யாரும் அளந்து வைக்கவில்லை என்றால், அவை எப்படி இருந்தன என்று நம் தங்கைகளுக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஆகவே தோழியரே, வரும் விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு, அப்பா அம்மாவுடன் உங்கள் ஊர் நிலையத்துக்குச் செல்லுங்கள். அதிகாரியிடம் அனுமதி கேட்டு, தண்டவாளத்தில் இறங்காமல், நடைமேடையில் நின்று பாருங்கள். கதவின் உயரம், தூணின் பருமன், கூரையின் சரிவு, சுவரின் நிறம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டியிடம் கேளுங்கள்: "அந்தக் காலத்தில் இங்கே என்ன மரம் இருந்தது பாட்டி? டீக்கடை எந்தப் பக்கம்?" அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். பின்பு ஒரு பலகையும் ஒரு கட்டு ஈர்க்கும் எடுத்துத் தொடங்குங்கள்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பர். ஒரு நாளைக்கு ஒரு மரம் செய்தாலும் அடுத்த கண்காட்சிக்குள் ஒரு காடே எழும்பிவிடும். அந்தக் காட்டைச் செய்து முடிக்கும்போது, வெளியே நிற்கும் மெய்யான மரங்களை நாம் முன்னைவிட நன்றாகப் பார்க்கக் கற்றிருப்போம். படைத்தவரின் கைவண்ணத்தை வியக்க அதைவிட நல்ல வழி வேறுண்டோ?